புழுங்கல் அரிசியும் எட்டு வார ஆய்வகமும்

ஜனவரி பிறந்தால் என் கைத்தொலைபேசிக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கிவிடும். "சித்தி, இதைப் பாருங்கள், நான் விண்ணப்பிக்கலாமா?" என்று அக்கா மகள் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் இணைப்பை அனுப்புவாள். பினாங்கில் உயிர்மருத்துவ அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அமெரிக்காவில் ஏதோ ஒரு பெரிய ஆய்வு நிலையம். வெள்ளை அங்கியும் நீலக் கையுறையுமாகச் சிரிக்கும் மாணவர்கள். எட்டு வாரமோ பத்து வாரமோ கோடைக்கால ஆய்வு. மாதப்படி, தங்குமிடம் உண்டு. பக்கத்தின் அடியில், எழுத்து சிறுத்துப் போகும் இடத்தில், ஒரு வரி: அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும். இந்த ஆண்டு ஏழு இணைப்புகள் அனுப்பினாள். ஐந்தில் அந்த வரியோ அதன் பங்காளியோ இருந்தது.

கோலாலம்பூர் ஆய்வகங்களிலேயே 20 ஆண்டுகளைக் கழித்தவள் என்பதால் உறவுக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் தகவல் முகப்பு. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அறிவிப்பைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள் என்பதுதான். அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகங்கள் நடத்தும் கோடைக்காலப் பயிற்சி, அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுக்கும் இளநிலை மாணவர் ஆய்வுத் திட்டங்கள் ஆகிய இரண்டுமே அந்நாட்டவருக்கும் அங்கே நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கும் உரியவை. அவர்களுடைய வரிப்பணம், அவர்களுடைய அடுத்த தலைமுறை, குறை சொல்வதற்கில்லை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்றச் சேவை நடத்தும் 'ரைஸ்' திட்டம் குடியுரிமையைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, எங்கே படிக்கிறாய் என்று பார்க்கிறது: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால உதவித்திட்டத்தைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு ஆசையோடு வருவார்கள். அது இந்தியாவில் படிப்பவர்களை மனத்தில் வைத்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பினாங்கில் ஓர் ஐரிஷ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1996இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று டப்ளினின் இரண்டு பல்கலைக்கழகங்களுடைய மலேசிய வளாகமாக இயங்குகிறது. அதன் மாணவர்கள் முதல் சில ஆண்டுகளை டப்ளினில் படித்துவிட்டு, நோயாளிகளைப் பார்க்கும் ஆண்டுகளுக்குப் பினாங்கு திரும்புவார்கள். டப்ளினில் இருக்கும் காலத்தில் அங்கே நடக்கும் கோடைக்கால மாணவர் ஆய்வுத் திட்டங்களை அவர்கள் எட்டிப் பிடிக்கலாம். அதே தெருவில் வளர்ந்து, அதே பள்ளியில் படித்து, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

பிறகு நாள்காட்டி. 'கோடை' என்ற சொல்லே நமக்கு ஒட்டாது. பினாங்கில் வெயில், மழை, இரண்டும் சேர்ந்த புழுக்கம், இவற்றைத் தவிர வேறு பருவம் ஏது? நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்வி ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தொடங்குகிறது. நீண்ட விடுமுறை அதற்கு முன்னால், ஆகஸ்டை ஒட்டி வரும். வட நாடுகளின் கோடைத் திட்டங்களோ ஜூன் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். அப்போது நம் மாணவர்கள் இரண்டாம் பருவத்தின் நடுவிலோ தேர்வு மண்டபத்திலோ இருப்பார்கள். ஆஸ்திரேலியக் கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அது முதல் பருவத்தின் மேல் வந்து உட்காரும். இத்தனைக்கும் விண்ணப்பக் கதவு ஆறேழு மாதத்துக்கு முன்பே மூடிவிடும். விடுமுறைக்கு என்ன செய்யலாம் என்று ஜூலையில் யோசிக்கிற பிள்ளைக்கு, பதில் முந்தைய நவம்பரிலேயே போய்விட்டது.

திறந்திருக்கும் கதவுகளும் உண்டு. ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்பப் பட்டப்படிப்புப் பல்கலைக்கழகம், பொதுவாக 'ஓயிஸ்ட்' என்பார்கள், எந்த நாட்டு மாணவரையும் ஆய்வுப் பயிற்சிக்கு எடுக்கிறது. விமானச் செலவுக்கும் தங்குமிடத்துக்கும் உதவி, தினப்படி எல்லாம் உண்டு. முக்கியமாக, கோடை என்று ஒரே காலத்தில் அடைத்து வைக்காமல் ஆண்டுக்கு இரண்டு முறை விண்ணப்பம் வாங்குகிறார்கள். சிங்கப்பூரின் 'ஏ-ஸ்டார்' நிறுவனம் வெளிநாட்டு இளநிலை மாணவர்களுக்காகவே ஓர் உதவித்தொகை வைத்திருக்கிறது. இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை அங்குள்ள ஆய்வகத்தில் வேலை செய்யலாம், மாதப்படி தருவார்கள். வியன்னா பயோசென்டர் கோடைக்காலப் பள்ளியும் நாடு பார்ப்பதில்லை, ஆனால் உலகமே வந்து வரிசையில் நிற்கும். என்னைக் கேட்டால் நம் நாள்காட்டிக்குச் சிங்கப்பூரும் ஒக்கினாவாவும்தான் பொருந்தும். அக்கா மகளின் ஏழு இணைப்புகளில் தேறிய இரண்டும் இவைதான்.

இரண்டிலும் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆய்வக அனுபவம் என்று எழுத அவளிடம் ஒரு வரிகூட இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். அனுபவம் பெறப் போகிற இடத்தில் அனுபவம் கேட்கிறார்களே என்று அவள் புலம்பினாள். நியாயமான புலம்பல்தான். ஆனால் முதல் அனுபவத்துக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. 1900ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகம் நம் நாட்டிலேயே இருக்கிறது. அதோடு சேர்ந்த ஒரு கதையில் நம் வீட்டுச் சோறும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் மலாய் மாநிலங்களை ஆட்டிப்படைத்த நோய்களில் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப் போகும், வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களும் சிறைக் கைதிகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அதே மண்ணில், அதே கொட்டகை வாழ்க்கை வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. பச்சரிசியில் ஏதோ ஒரு நஞ்சு ஏறுகிறது என்று அவர் முடிவு கட்டினார். குற்றவாளியைச் சரியாகப் பிடித்து, குற்றத்தைத் தவறாக எழுதிவிட்டார்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். 1905 டிசம்பர் 5ஆம் தேதி, நோயாளிகள் அத்தனை பேரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடது பக்கத்திலிருந்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்கு. அவர்களுக்குப் பழையபடி சயாம் அரிசி. இரட்டைப்படை எண்கள் மேற்குப் பக்கத்துக்கு; அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்றபடி எல்லாம் ஒன்றே. இடமும் காரணமாக இருக்குமோ என்ற ஐயத்தில் நடு ஆண்டில் இரு கூட்டத்தையும் வார்டு மாற்றி வைத்தார். ஓராண்டில் சயாம் அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் ஒருவர்கூட இல்லை. அடுத்து அந்த மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து மறுபடி சோதித்தார்கள். நஞ்சு எதுவும் இல்லை, தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிற ஏதோ ஒன்று இல்லாததே நோய் என்று 1909 வாக்கில் அவர்கள் காட்டினார்கள். அந்த ஏதோ ஒன்றைத்தான் இன்று தையமின், அதாவது வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது அது மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அவ்வளவு எளிதில் போகாது.

என் பாட்டிக்கு இது தெரியாது. அவளுக்குப் புழுங்கல் அரிசிதான் சோறு, பச்சரிசி பொங்கலுக்கு. இன்று எங்கள் வீட்டில் புழுங்கல் அரிசி இட்லி மாவுக்கு மட்டும் வருகிறது.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு நான் பெருமைக்காகச் சொல்வதில்லை. ஃபிளெட்சரின் ஆய்வை இன்று ஒரு மாணவி செய்ய நினைத்தால் என்ன ஆகும் என்று கேட்பதற்காகச் சொல்கிறேன். வரிசையில் நின்ற அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் பழைய கோப்பைப் புரட்டுவதற்குக்கூட, தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிய வேண்டும், மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குத் தனித்தனி நெறிமுறைக் குழுக்கள். எலியைத் தொட்டால் விலங்கு நெறிமுறைக் குழு. குழு கூட வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், திருத்தி அனுப்ப வேண்டும், மறுபடி கூட வேண்டும். வாரக் கணக்கு மாதக் கணக்காகும்.

எட்டு வார விடுமுறையை வைத்துக்கொண்டு "நீரிழிவு நோயாளிகளிடம் நானே ஓர் ஆய்வு செய்யப் போகிறேன்" என்று வருகிற மாணவர் இங்கேதான் கவிழ்வார். ஒப்புதல் கையில் கிடைக்கும் நாளில் விடுமுறை முடிந்திருக்கும். செய்யக்கூடியது ஒன்றே: ஏற்கெனவே ஒப்புதல் பெற்று ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வில் போய் ஒட்டிக்கொள்வது. அப்போதும் குழுவில் உங்கள் பெயரைச் சேர்க்க ஒரு விண்ணப்பம் போக வேண்டியிருக்கும், நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள், இரத்த மாதிரியைத் தொடும் வேலை என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயா என்பார்கள். இதையெல்லாம் விடுமுறைக்கு முன்பே முடித்து வைத்தவருக்கு எட்டு வாரமும் கையில் இருக்கும். மற்றவர்களுக்கு ஐந்து.

ஒட்டிக்கொள்ள இடங்கள் இருக்கின்றனவா? தாராளமாக. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம். 1998, 1999இல் பன்றிப் பண்ணைகளைச் சுற்றி மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் முதலில் எல்லாரும் நம்பினார்கள். அங்கே வைரஸ் துறையில் அப்போது பயிற்சியில் இருந்த சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியின் மாதிரியை உயிரணுக்களில் வளர்த்துப் பார்த்தார். உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருங்கட்டியாகின. அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் குணம் இல்லை. மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கே விமானம் ஏறினார். நிப்பா வைரஸ் உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்திருந்தார்கள். பேராசிரியர்கள் நிறைந்த கட்டடத்தில், பயிற்சி நிலையில் இருந்த ஒருவர் நுண்ணோக்கிக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்ததால் வந்த கண்டுபிடிப்பு இது.

செராசில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மூலக்கூறு உயிரியல் கழகம் இருக்கிறது. 35 முதல் 70 வயது வரையிலான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியர்களைச் சேர்த்து நீண்ட கால ஆய்வு நடத்தும் 'மலேசியக் கோஹோர்ட்' அவர்களுடையது. மருத்துவ ஆய்வுக் கழகம் 2017இல் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் டெங்கி வைரஸைக் கொசுவுக்குள் பெருகவிடாத வோல்பாக்கியா கிருமியுள்ள ஏடிஸ் கொசுக்களை விட்டுப் பார்க்கத் தொடங்கியது. விட்ட இடங்களில் டெங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக அதன் ஆய்வு சொல்கிறது. 1992இல் கல்லூரியாகத் தொடங்கி, இன்று புக்கிட் ஜாலிலில் இருக்கும் தனியார் மருத்துவப் பல்கலைக்கழகம் வேறு. பினாங்கு கெலுகோரில், 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், கொசு முதலிய நோய்பரப்பிகளுக்கென்றே ஓர் ஆய்வுப் பிரிவு உண்டு. கெத்தும் இலையை ஆராயும் போதைப்பொருள் ஆய்வு மையமும் உண்டு. கெத்தும் என்றால் வட மாநிலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பின்புறத்தில் பையன்கள் இலையைக் காய்ச்சிக் குடித்து மாட்டிக்கொள்வார்களே, அதே இலைதான். வலியைத் தாங்கும் சக்தியை அது கூட்டுகிறதா என்று அங்கே முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இந்த இடங்களில் பலவற்றில் 'கோடைக்காலத் திட்டம்' என்று விளம்பரப் பலகை இருக்காது. பாடத்திட்டத்தில் வரும் கட்டாயத் தொழிற்பயிற்சிக்கு ஒழுங்கான படிவம் உண்டு, மதிப்பெண் உண்டு. தானாக வந்து விடுமுறையில் வேலை செய்கிறேன் என்பதற்குப் படிவமே இல்லாமல் இருக்கலாம். எழுதிக் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம். பேராசிரியரின் மகனுக்குக் கேட்கலாம் என்பது சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. தோட்டம் விட்டு வந்த குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, அறிவிப்பு இல்லாத இடத்தில் போய்க் கேட்பது அத்துமீறல் மாதிரி இருக்கிறது.

அக்கா மகள் முதலில் எழுதிய மின்னஞ்சலை எனக்கு அனுப்பினாள். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கியது. அந்தப் பேராசிரியர் ஒரு பெண். அடுத்த வரி, சிறு வயதிலிருந்தே ஆராய்ச்சியில் தீராத ஆர்வம் உண்டு. அதற்கடுத்தது, தங்களுடைய புகழ்பெற்ற ஆய்வகத்தில் எந்த வேலை கொடுத்தாலும் செய்யத் தயார். பதினொரு வரிக்கும் அதே ராகம். இருபது ஆய்வகங்களுக்கு இதையே அனுப்பலாம், பெயரைக்கூட மாற்ற வேண்டியதில்லை. பேராசிரியர்களுக்கு இது தெரியாதா?

"அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்தாயா?" என்று கேட்டேன்.

"படித்தேன் சித்தி. பாதிக்கு மேல் புரியவில்லை."

"புரிந்த பாதியில் என்ன இருந்தது?"

உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் கொசு இனங்களை அவற்றின் ஒரு காலை மட்டும் எடுத்து, மரபணுவை வைத்துப் பிரித்தறிவது பற்றிய கட்டுரை அது. உடம்பை ஏன் எடுக்காமல் காலை மட்டும் எடுக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. உடம்பைப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்வதற்கா, வயிற்றில் இருக்கும் மனித இரத்தம் கலந்துவிடும் என்பதற்கா? அதையே எழுது என்றேன். இரண்டாவது மின்னஞ்சல் ஆறு வரி: நான் யார், எந்த ஆண்டு, உங்கள் கட்டுரையில் எனக்கு எழுந்த கேள்வி இது, ஆகஸ்ட் இன்ன தேதி முதல் எட்டு வாரம் முழு நேரமும் வர முடியும், ஆய்வகப் பாடங்களில் என் மதிப்பெண் இது, பாதுகாப்புப் பயிற்சியை முன்கூட்டியே முடித்துவிடுகிறேன். ஏப்ரலில் அனுப்பினாள். இரண்டு வாரம் பதில் இல்லை. அவள் கைவிடப் பார்த்தாள். ஒரு வரி நினைவூட்டு எழுதச் சொன்னேன். மறுநாளே பதில் வந்தது. "இரண்டுமே சரி" என்று கேள்விக்கான விடை முதல் வரியில் இருந்தது. வந்து பார் என்பது இரண்டாவது வரியில்.

பணம்தான் அடுத்தது. உள்ளூர் ஆய்வகங்களில் இளநிலை மாணவருக்குப் படி கிடைப்பது அதிர்ஷ்டம். பேராசிரியரின் ஆய்வு மானியத்தில் உதவியாளர் சம்பளத்துக்கு இடம் இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் முதுகலை மாணவருக்குப் போய்விடும். விடுமுறையில் விடுதியை மூடிவிடுவார்கள். வெளியே அறை எடுக்க வேண்டும். அக்கா கணக்குப் போட்டாள்: அறைக்கு மாதம் 400 வெள்ளி, சாப்பாடு, பஸ், படகு. அதே எட்டு வாரம் பேரங்காடியில் நின்றால் கையில் பணம் வரும். "சம்பளம் இல்லாத வேலைக்கு நாம் பணம் கொடுத்துப் போக வேண்டுமா? இது எந்த ஊர் நியாயம், நீயே சொல்" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அக்காவின் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆய்வகங்கள் இலவச உழைப்பில் ஓடுவது பல நாட்டிலும் இருக்கும் நோய்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அதைத் தாங்க முடிகிறது. கடைசியில் அவள் வீட்டிலிருந்தே போய்வருவது என்று முடிவானது. காலையில் பட்டர்வொர்த் படகு, அங்கிருந்து பஸ். வாரக் கடைசியில் பாடம் சொல்லிக்கொடுத்துச் செலவுக்குச் சம்பாதித்தாள்.

இன்னொரு கணக்கும் குறுக்கே நிற்கிறது. உயர்கல்விக் கடன் வாங்கிப் படிப்பவர்கள் முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு கேட்கலாம். பல்லாயிரம் வெள்ளி விஷயம். அதனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் மதிப்பெண்ணைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். விடுமுறையிலும் அடுத்த பருவத்துப் புத்தகம்தான். ஆய்வக வேலை மதிப்பெண் பட்டியலில் ஏறாது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

பணம் வாங்கிக்கொண்டு 'ஆய்வுப் பயிற்சி' தருகிறோம், கட்டுரையில் உங்கள் பெயரையும் போடுகிறோம் என்று வருகிறவர்களைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

நம் மாணவர்களிடம் இருக்கும் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களே அதைத் தகுதி என்று நினைப்பதில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோய்ப் பரவல் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. நீரிழிவு ஆய்வு எதுவானாலும் நம் பாட்டி தாத்தாக்கள்தான் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். சம்மதப் படிவத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய தமிழ் அது. கிள்ளான் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் கையெழுத்துப் போட்டால் மருந்தை நிறுத்திவிடுவார்களா, அம்மா?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விருப்பம் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லலாம், மருந்து எப்போதும்போல் கிடைக்கும் என்று பாட்டிக்குப் புரிகிற தமிழில் சொன்னது ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி. ஆய்வுக் குழுவில் இருந்த ஐந்து முனைவர்களில் ஒருவருக்கும் அது முடிந்திருக்காது. 1905இல் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நின்றவர்களிடம் அப்படி யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால் எத்தனை பேர் சரி என்றிருப்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது.

அக்கா மகள் கொசு ஆய்வகத்தில் சேர்ந்தாள். முதல் வாரம் முழுக்க வண்ணத் தண்ணீரை பைப்பெட்டில் உறிஞ்சி இன்னொரு குழாயில் விடுவதுதான் வேலை. ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஊசி முனைத் துளி. கட்டைவிரல் ஒரு கணம் அவசரப்பட்டால் பாதி காற்று. இரண்டாம் வாரம் பிசிஆர். கொசுக் காலிலிருந்து எடுத்த மரபணுவில் வேண்டிய துண்டை மட்டும் பெருக்குகிற முறை அது. குழாயை 95 பாகைக்குச் சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். 55 பாகை வாக்கில் இறக்கினால் பிரைமர் என்ற சிறு மரபணுத் துண்டு போய் உரிய இடத்தில் ஒட்டும். 72 பாகையில் நொதி புதிய இழையைக் கட்டும். சுற்றுக்கு ஒரு முறை இரட்டிப்பு. 30 சுற்று முடிந்தால் ஒன்று நூறு கோடியாகியிருக்கும், கணக்குப்படி.

அப்படிப் பெருக்குகிற இயந்திரத்துக்குத் தூசும் ஒன்றுதான், கொசுக் காலும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் கொசுவே போடாமல், வெறும் தண்ணீரை மட்டும் வைத்து ஓட்ட வேண்டும். நெகட்டிவ் கன்ட்ரோல் என்பார்கள். பெருகிய மரபணுவை ஜெல் என்ற கூழ்ப் பலகையில் ஓடவிட்டு ஒளியில் பார்க்கும்போது மற்றக் குழாய்களுக்கு நேராகப் பட்டை தெரிய வேண்டும், தண்ணீர்க் குழாய்க்கு நேராக எதுவும் தெரியக் கூடாது. அவளுடைய முதல் ஜெல்லில் எல்லாவற்றிலும் அழகான பட்டை. தண்ணீரிலும். புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்பி, வெற்றி என்று எழுதியிருந்தாள். தண்ணீரில் கொசு எப்படி வந்தது என்று கேட்டேன். அதன்பிறகு இரண்டு நாள் செய்தியே இல்லை.

மூன்று வாரம் தேடினாள். பைப்பெட் முனைகளை மாற்றினாள், அப்போதும் பட்டை. பிரைமரைப் புதிதாகக் கரைத்தாள், அப்போதும் பட்டை. கலவை போடும் மேசையையும் ஜெல் ஊற்றும் மேசையையும் அறையின் இரு கோடிக்குக் கொண்டுபோனாள். பட்டை கொஞ்சம் மங்கியது, போகவில்லை. ஆய்வகத்து முதுகலை அண்ணன் ஒருவர், "தண்ணீர்ப் புட்டி யாருடையது?" என்று போகிறபோக்கில் கேட்டுவிட்டுப் போனார். எல்லாரும் எடுக்கிற பொதுப் புட்டி. யாரோ எப்போதோ பழைய முனையோடு அதில் கை வைத்திருக்க வேண்டும். புதுப் புட்டியைத் திறந்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்து, தன் பெயரை எழுதினாள்.

எட்டில் ஐந்து வாரம் இப்படியே போய்விட்டது. ஆய்வுக் கட்டுரையில் பெயர் வராது; வருகிற அளவுக்கு அவள் எதையும் முடிக்கவில்லை.

செப்டம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் படகிலிருந்து இறங்கி நேராக ஓடிவந்து கைத்தொலைபேசியை நீட்டினாள். ஜெல் படம். பன்னிரண்டு தடங்கள், பதினொன்றில் பட்டை, கடைசித் தடத்தில் வெறும் இருட்டு.

"சித்தி, பாருங்கள், ஒன்றுமே இல்லை!"

அக்கா தோசைக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒன்றும் இல்லாததற்கா இத்தனை ஆட்டம்?" என்றாள்.